எழுத்துக்கு மூன்று கிலோ

லூர்து அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே எழுந்தது ஒரு பொங்கல் லீவில், செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு. செய்தது நான்தான், அதை நான் யாரிடமும் மறைக்கவில்லை, மறைத்திருந்தாலும் பிரயோஜனமில்லை, ஏனென்றால் எங்கள் ஊரில் எது நடந்தாலும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

எங்கள் ஊர் கீழப்பாத்தி. மூன்று பக்கம் உப்புப் பாத்தி, நாலாவது பக்கம் கடல், அதனால் எந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாலும் நாக்கு கரிக்கும். அங்கே லூர்து அண்ணாச்சியின் பிரவுசிங் சென்டரில் மூன்று கம்ப்யூட்டர்கள் இருந்தன, மூன்றுக்கும் மூன்று குணம், அந்தக் குணம் ஒரு பென்டிரைவின் பெயரை மாற்றும்போதுதான் வெளியே வரும். விண்டோஸ் இருந்த மெஷின் அவசரக்காரன். வலது பக்கம் தட்டி, ரீநேம் என்று சொல்லி, பெயரை அடித்து என்டர் தட்டினால் முடிந்தது கதை. அண்ணாச்சியின் தம்பி சிங்கப்பூரிலிருந்து சுமந்துவந்த மேக் கொஞ்சம் நாசூக்கு. பெயரின் மேலேயே மெல்லத் தட்ட வேண்டும், பெயரில்லாத டிரைவ் வந்தால் அது தானாகவே ‘நோ நேம்’ என்று எழுதிக் காட்டும், அதைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருக்கும். மூன்றாவது, அண்ணாச்சியின் மச்சினன் காலேஜ் படிக்கையில் லினக்ஸ் ஏற்றிவிட்டுப் போன பழைய மெஷின். அது மட்டும் கேள்வி கேட்கும். முதலில் அன்மவுண்ட் செய், அதாவது பிடியை விடு, அப்புறம் பெயரை மாற்று என்று சொல்லும். பிடித்துக்கொண்டே பெயரை மாற்ற அது ஒருநாளும் விட்டதில்லை.

நான் டெல்பின், ப்ளஸ் டூ, கம்ப்யூட்டர் குரூப். எனக்குக் குரல் போட வரும். பங்குச் சாமியார் பிரசங்கத்துக்கு நடுவில் தொண்டையைச் செருமுவது, எட்டாம் நம்பர் பஸ் கண்டக்டர் ‘உள்ள போ உள்ள போ’ என்று கத்துவது, ஹெட்மாஸ்டர் மைக்கைத் தட்டிப் பார்ப்பது, எல்லாம் என் தொண்டையில் உண்டு. குரலால் ஆகாத இடத்தில் பெயரால் குறும்பு செய்வேன். சென்டரில் யார் பென்டிரைவை மறந்து வைத்துவிட்டுப் போனாலும் எடுத்துச் சொருகி ஒரு பட்டப்பெயர் வைப்பேன். கோழிக்கடைக்காரரின் டிரைவுக்கு KOKKARAKKO. ஹெட்மாஸ்டர் டிரைவுக்கு SILENCE. சின்ன பென்டிரைவுக்குப் பதினோரு எழுத்துதான் கொள்ளும், அதுவும் எல்லாம் பெரிய எழுத்தாகவே விழும், யாரோ தெருவில் நின்று கத்துவது போல. பட்டப்பெயர் வைத்த வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பட்டப்பெயருக்குச் சரக்கு தீர்ந்துபோய், கல்லாவில் தூங்கிக்கொண்டிருந்த அண்ணாச்சியைப் பார்த்துக்கொண்டே, அவருடைய ஞானஸ்நானப் பெயரை அப்படியே LOURDU என்று அடித்து என்டர் தட்டினேன். தட்டினதும் கம்ப்யூட்டர் பெட்டி முன்பக்கம் குப்புற விழுந்தது, பென்டிரைவ் பிடுங்கிக்கொண்டு தரையில் போய் டைல்ஸை உடைத்து உட்கார்ந்தது, அண்ணாச்சி முதலில் தொப்பையும் பின்னால் ஆளுமாக மெதுவாக மேலே போய் மின்விசிறிக்கு ஒரு முழம் கீழே நின்று, கண்ணைத் திறந்து, கீழே என்னைப் பார்த்து, “ஏளா, என் செருப்ப எடு” என்றார்.

அவ்வளவுதான். யாரும் அலறவில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, “ஃபேன ஆஃப் பண்ணுங்கப்பா” என்று மட்டும் சொன்னார். பென்டிரைவை எடுக்கப் போன மூன்று பேருக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசியில் என் அப்பாவுக்கு ஆள் போயிற்று.

என் அப்பா சூசை உப்பு லாரி எடை மேடையில் வேலை பார்க்கிறவர். காலி லாரியை ஒருமுறை நிறுப்பார், உப்பேற்றி இன்னொருமுறை நிறுப்பார், பெரியதில் சின்னதைக் கழிப்பார். உலகத்தில் எல்லாவற்றையும் அப்படிக் கழித்துத்தான் பார்ப்பார். அவர் மூட்டைத் தராசைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வந்து, கடப்பாரையால் நெம்பிப் பென்டிரைவை அதில் ஏற்றினார். முள் நூற்று நாலில் நின்றது. அண்ணாச்சியை வேட்டி நுனியைப் பிடித்து இழுத்துத் தராசில் நிறுத்தினார். முள் அசையவில்லை. “இவரு நூத்திநாலுதான் இருந்தாரு. எதுவும் தொலையல்ல, எடம் மாறியிருக்கு” என்று சொல்லிவிட்டு, தராசை உருட்டிக்கொண்டு போய்விட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் அத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி அன்றுதான் கேட்டேன்.

பெயரைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொன்னபோது லூர்து அண்ணாச்சி மாட்டேன் என்றார். சர்க்கரையில் அவருக்குப் பாதம் எரியும், இப்போது எரியவில்லை. இடுப்பில் கயிறு கட்டிக் கல்லா மேசையில் முடிந்துகொண்டு வியாபாரத்தைப் பார்த்தார். மறுநாள் காலையில் சென்டர் வாசலில் முட்டு வலிக்காரர்கள் வரிசை நின்றது. அதற்கடுத்த நாள் உப்புச் சுமக்கிற பெண்கள் வந்தார்கள், தலையில் இருபத்தைந்து கிலோ இருக்கும்போது தன் உடம்பையும் சேர்த்து எதற்குச் சுமக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு. ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் யாருடைய எடை போகும் என்ற சண்டை வந்தது. அடிக்கிறவர் மனசில் யார் முகம் இருக்கிறதோ அவருடையதுதான் போகிறது என்று தெரிந்ததும், எல்லாரும் என்னையே பெயர் அடிக்கச் சொல்லி என் முகத்துக்கு நேரே தங்கள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

பதினோரு எழுத்துக்கு மேல் பெயர் நீண்டவர்களுக்கு அதிர்ஷ்டம். அந்தோணியம்மாள் அக்காவுக்குக் கடைசி இரண்டு எழுத்து டிரைவில் கொள்ளவில்லை, அந்த இரண்டு எழுத்தின் எடை அவளிடமே தங்கிவிட்டது, அதனால் கயிறில்லாமல் தரையில் நடந்தாள், மணமேடைக்குப் போகிறவள் மாதிரி. ராணி டீச்சர், ராஜ் டெய்லர் போன்ற சின்னப் பெயர்க்காரர்கள்தான் பட்டம் மாதிரி ஆடிக்கொண்டு திரிந்தார்கள். பங்குச் சாமியார் மூன்று நாள் யோசித்துவிட்டு, கயிறு கட்டிக்கொண்டு நற்கருணை வாங்கலாம், கயிற்றைப் பெஞ்சில் மட்டும் முடிச்சுப் போடக்கூடாது, சாயும் என்றார். பாத்தி மிதிக்கிற சமயம் வந்தபோது ஒரு சிக்கல். சீசன் தொடங்குவதற்கு முன்னால் பாத்தியின் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கினால்தான் உப்பு சுத்தமாக விளையும், எடையில்லாத கால் மிதித்தால் மண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அதனால் மிதிக்கிற ஒன்பது நாளுக்கு மட்டும் எல்லாரும் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, முடிந்ததும் மறுபடி கொடுத்தார்கள்.

டிரைவ்கள் அண்ணாச்சி கடைத் தரையில் வரிசையாகக் கிடந்தன, தூக்க முடியாததால் எக்ஸ்டென்ஷன் கேபிளை அவற்றிடம் கொண்டுபோவோம். எந்த மெஷினில் போவது என்பதிலும் ஊருக்கு ஒரு கணக்கு பிறந்தது. விண்டோஸில் போனால் ஒரு உதறல், படியில்லாத இடத்தில் கால் வைத்த மாதிரி. மேக்கில் போனால் தூக்கம் வருகிற மாதிரி. லினக்ஸில் போகிறவர்களுக்குப் போனதே தெரியாது, ஏனென்றால் அது முதலில் பிடியை விடவைத்துவிட்டுத்தான் பெயரை எடுக்கும். “ஆனா லினக்ஸ்ல போனவன் லேசுல எறங்கமாட்டாம்ளா” என்று அண்ணாச்சி என்னிடம் சொன்னார், “ராயப்பன் பத்து நாளா கூரை மேலேயே கெடக்கான், பெஞ்சாதி கூப்பிட்டா ‘வாரேன் வாரேன்’ங்கான், வரமாட்டுக்கான்.”

நான் அதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

இனி எங்கள் வீட்டைச் சொல்கிறேன். என் அம்மா செபஸ்தியம்மாள் குவைத்தில் ஒரு மூன்று மாடி வீட்டில் வேலைக்கு இருக்கிறாள். வீட்டுக்குக் கூரை போட வேண்டும், என்னைக் காலேஜில் சேர்க்க வேண்டும் என்று அவளே முடிவெடுத்தாள். போகாதே என்று அப்பா சொன்னார், போனால் பேசமாட்டேன் என்றும் சொன்னார். கிளம்புகிற அன்று பெட்டி முப்பது கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பதால் அம்மா எடை மேடைக்கு வந்து மூட்டைத் தராசில் பெட்டியோடு ஏறி நின்றாள், எண்பத்தாறு. பெட்டியை இறக்கிவிட்டு நின்றாள், ஐம்பத்தாறு. அப்பா கழித்துப் பார்த்து, “முப்பது. சரியா இருக்கு” என்றார். அதுதான் அவர் அவளிடம் பேசின கடைசிப் பேச்சு. தராசு காட்டினதை மாற்றிச் சொல்லாத மனுஷன், சொன்ன சொல்லையும் மாற்றவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா போன் செய்வாள். மணி அடித்ததும் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். முதல் வெள்ளிக்கிழமை, “அப்பாட்ட குடுளா” என்று அம்மா கேட்டபோது நான் ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிட்டு, தொண்டையைக் கீழே இறக்கி, “ம், சொல்லு” என்றேன். வேடிக்கைக்குத்தான் செய்தேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள், அப்புறம், “டெல்பின் சாப்புடுதாளா?” என்று கேட்டாள். “சாப்புடுதா” என்றேன். அடுத்த வெள்ளி, “டெல்பின் நல்லாத் தூங்குதாளா?” என்றாள். “தூங்கல. ஃபேனப் பாத்துக்கிட்டே கெடக்கா” என்றேன், அப்பா குரலில் சொன்னால் எதையும் சொல்ல முடிந்தது. “அவகிட்ட பேச்சு குடுங்க. தனியா கெடப்பா” என்றாள் அம்மா. “ம்” என்றேன். இப்படியே இரண்டு வருஷம், நூறு வெள்ளிக்கிழமை, என்னைப் பற்றி என் அம்மாவால் நானே விசாரிக்கப்பட்டு நானே பதில் சொன்னேன்.

மற்ற ஆறு நாளும் வீட்டில் அப்பாவும் நானும் இருந்தோம் என்று சொல்லலாம். அப்பா சாப்பிட்டார், வேலைக்குப் போனார், வந்தார், உட்கார்ந்தார். நான் கண்டக்டராக வந்து அவருக்குச் சோறு போட்டேன், ஹெட்மாஸ்டராக நின்று குழம்பில் உப்பைப் பற்றி அறிக்கை வாசித்தேன், அவர் தலையைத் தூக்கவில்லை. வீட்டில் யாரும் சிரிக்காதபோது குரல் போடுவது சுவரில் பந்து அடிப்பது மாதிரி, அதே பந்துதான் திரும்பி வரும். தராசில் அவர் எழுபத்திரண்டுதான், ஒரு கிலோ கூடவில்லை, ஆனால் உட்கார்ந்தால் கட்டில் கயிறு தரையைத் தொட்டது. அந்த எடை போனால் சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த மறுநாள், “எப்பா, ஒனக்கும் பேரு வச்சிரட்டா?” என்று கேட்டேன். “ஒன் இஷ்டம்” என்றார். அவருக்கு நோகாமல் போகட்டும் என்று லினக்ஸில் உட்கார்ந்தேன். பிடியை விடவா என்று அது கேட்டது, விடு என்றேன். அப்புறம் SUSAI என்று அடித்தேன்.

அப்பா போனது அவருக்கே தெரியவில்லை. தன் எடையைத் தானே தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டுபோய் எடை மேடை ரூமில் மேசைக்கடியில் போட்டுவிட்டு, லாரி தார்ப்பாய்க் கயிற்றை இடுப்பில் கட்டி, ஜன்னல் கம்பியில் முடிந்துகொண்டார். முதல் வாரம் நாற்காலி உயரத்தில் மிதந்து வேலை பார்த்தார். இரண்டாம் வாரம் லாரி இல்லாத நேரத்தில் வெளியே போய்க் கூரை உயரத்தில் நின்றார். சித்திரையில் தென்னை உயரம், வைகாசியில் தண்ணீர்த் தொட்டி உயரம். லாரி வந்தால் டிரைவர் கயிற்றை இழுப்பான், இறங்கி எடை போட்டுச் சீட்டு கொடுத்துவிட்டு மறுபடி ஏறிவிடுவார். வீட்டுக்கு வருவது நின்றுபோனது. நான் தூக்குவாளியைக் கயிற்றில் கட்டி அனுப்புவேன், பாதி சோற்றோடு திரும்பி வரும். “எப்பா, எறங்கி வாயேன், சோறு ஆறுது” என்று கத்துவேன். “நீ சாப்புடு மக்கா” என்று மேலேயிருந்து வரும், பிரியமாகத்தான், ஆனால் மேகத்திடம் பேசுகிற மாதிரி. முன்பாவது வீட்டில் பேசாத ஒரு ஆள் இருந்தார். இப்போது அவர் உட்கார்ந்தால் முனகுகிற கட்டிலின் சத்தம்கூட இல்லை. நான் கட்டிலில் போய் உட்கார்ந்து பார்த்தேன், என்னுடைய நாற்பத்து நாலு கிலோவுக்கு அது வாயே திறக்கவில்லை.

ஆடி பிறந்து காற்று வந்தது. எங்கள் ஊரில் ஆடிக் காற்று உப்புக் குவியலையே கலைத்துத் தெருவில் கொட்டும். முதல் நாளே ராணி டீச்சர் செல்போன் டவரில் போய்ச் சிக்கினார், ராஜ் டெய்லர் கையில் அளவு டேப்போடு கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தவரை வள்ளத்தில் வந்த மீனவர்கள் கொக்கி போட்டு இழுத்தார்கள். ஊர் கூடிப் பேசவில்லை, தண்டோரா போடவில்லை, மழை வந்தால் துணி எடுக்கிற மாதிரி அவரவர் இறங்கி வந்து சென்டரில் வரிசை நின்றார்கள். லூர்து அண்ணாச்சியும் நானும் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு டிரைவுக்கும் நியூ வால்யூம் என்று பெயர் போட்டோம், ஒவ்வொருவரும் ‘அம்மா’ என்று ஒரு சத்தத்தோடு தரைக்கு வந்தார்கள். கடைசியாக அண்ணாச்சி தன் பெயரை வாங்கிக்கொண்டு, புது டைல்ஸையும் உடைத்தார். தெருவில் மறுபடி செருப்புச் சத்தம் கேட்டது.

அப்பா மட்டும் இறங்கவில்லை. “காத்து வந்தா வரட்டும்” என்றார். அவர் மேலே இருக்கும்போது நான் பெயரை மாற்றினால் எழுபத்திரண்டு கிலோவும் தண்ணீர்த் தொட்டி உயரத்திலிருந்து விழும். கயிற்றை இழுத்துப் பார்த்தேன், காற்று எதிர்ப்பக்கம் இழுத்தது, என் கால்தான் தரையில் வழுக்கியது. ஜன்னல் கம்பியில் கயிறு உரசி உரசி மூன்று இழை அறுந்திருந்தது. வெள்ளிக்கிழமை, பதினொரு மணி, ஆட்களெல்லாம் பாத்தியில். நான் தனியாக நின்று பங்குச் சாமியார் குரலில் அவரைக் கூப்பிட்டேன், முதலாளி குரலில் கூப்பிட்டேன், கண்டக்டர் குரலில் ‘எறங்கு எறங்கு, கடைசி ஸ்டாப்பு’ என்றேன். யார் குரலுக்கும் அவர் குனிந்து பார்க்கவில்லை.

அப்போது எனக்குக் கோபம் வந்தது. எடை மேடை ரூமுக்குள் போனேன், அங்கே இருந்தது விண்டோஸ்தான், என் பென்டிரைவைச் சொருகினேன், DELPHIN என்று ஒரே அடி, என்டர். ஒரு உதறல். என் எடை மேசையை உடைத்துக்கொண்டு கீழே போனது, நான் திறந்திருந்த கதவு வழியாக வெளியே போனேன், அப்பாவின் கயிற்றைப் பிடித்துக் கை மாற்றிக் கை மாற்றி ஏறினேன், ஏறி அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா குனிந்து பார்த்தார். “நீ எதுக்குளா வந்த?”

“கீழ யாரு இருக்கா? நீ இங்க வந்துட்ட.”

அவர் காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடி தூரத்தில் பார்த்தார்.

“என்னத்தப் பாத்துக்கிட்டிருக்க எப்பா?”

“மேக்க.” மேற்குப் பக்கம் தாடையைக் காட்டி, “குவைத்து மேக்கதான?” என்றார்.

“ஆமா. தெரியுதா?”

“ஒரு மண்ணும் தெரியல. ஏறுனா தெரியும்னு நெனச்சேன், ஏற ஏற ஒப்பளந்தான் தெரியுது.” அப்புறம், என்னைப் பார்க்காமலேயே, “எப்பிடி இருக்காளாம்?” என்றார்.

அம்மாவைப் பற்றி இரண்டு வருஷத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி. “நல்லா இருக்கேன்னுதான் சொல்லுதா. முட்டு வலின்னு ஒருநாள் வாய் தவறிச் சொன்னா. மூணு மாடி, ஒரு நாளைக்கு நாப்பது தடவ ஏறணுமாம்.”

“நாப்பது” என்று அப்பா தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு தற்செயலாகக் கீழே பார்த்தவர் என் இடுப்பைப் பார்த்தார். அதில் கயிறில்லை. நான் கட்ட மறந்துபோயிருந்தேன். கட்டியிருந்தாலும் அதன் மறுமுனையைப் பிடிக்கக் கீழே ஆளில்லை. அவர் முகம் போன போக்கை நான் இதுவரை யாரிடமும் பார்த்ததில்லை. என் சடையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தார், மறுகையால் கயிற்றைப் பிடித்து, அறுந்த இழைகள் கண்முன்னால் ஒவ்வொன்றாகத் தெறிக்க, “விட்ராதளா, விட்ராதளா” என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் வரைக்கும் இறங்கி, பக்கத்துக் கதவு வழியாக என்னை உள்ளே தள்ளித் தானும் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

நான் கூரைத் தகரத்தில் முட்டிக்கொண்டு நின்றேன். அப்பா கால்களை நாற்காலியில் பின்னிக்கொண்டு, தரைக்கு இறங்கியிருந்த மானிட்டருக்கு முன்னால் குனிந்தார். லாரிச் சீட்டு அடிக்கிற இரண்டு கீயைத் தவிர அந்த மெஷினில் அவருக்கு ஒன்றும் தெரியாது. “சொல்லு” என்றார். மேலேயிருந்து நான் கண்டக்டர் குரலில், “ரைட்ல ஒதுங்கு, ரைட்ல ஒதுங்கு, தட்டு!” என்றேன். தட்டினார். ஹெட்மாஸ்டர் குரலில், “ரீநேம் என்கிற வரியை அனைவரும் கவனிக்கவும்” என்றேன். பங்குச் சாமியார் குரலில், “பழைய பெயரை அழித்துவிடு மகனே” என்றேன். அப்பாவின் தோள் குலுங்கியது. முதலில் காற்றில் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே என்டர் தட்டினார், நான் உப்பு மூட்டை மேல் தொப்பென்று விழுந்தேன்.

அடுத்து அவருடைய டிரைவ். கேபிளைச் சொருகினோம், பழைய பெயரை அழித்து அந்த இடத்தில் ஒரு பூஜ்யம் வைத்து என்டர் தட்டினார். நாற்காலி முனகியது. அந்தச் சத்தம் கேட்டு எத்தனை மாசம். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. திரும்பவும் தட்டி, பூஜ்யத்தையும் அழித்தார். வெறும் கட்டத்துக்குள் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னியது.

“ஒங்கம்மா பேரு எப்பிடி அடிக்கணும்?”

நான் எழுத்து எழுத்தாகச் சொன்னேன், என் குரலில்தான். அவர் ஒரு விரலால் அடித்தார். SEBASTHIYAM வரைக்கும் வந்து நின்றது, அதற்கு மேல் கொள்ளவில்லை.

“இன்னும் மூணு எழுத்து இருக்குல்லா?”

“அது அவகிட்டயே இருக்கும்ப்பா.”

“இருக்கட்டும். தரையில நிக்கணும்லா.” கண்ணை மூடினார், முகத்தைக் கொண்டுவருகிறார் என்று தெரிந்தது, என்டர் தட்டினார்.

தரையில் கிடந்த பென்டிரைவ் ஒரு சத்தமும் போடவில்லை. யாரோ களைத்துவந்து உட்கார்ந்த மாதிரி அரை அங்குலம் மண்ணில் அமுங்கியது, அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி மூட்டைத் தராசில் வைத்தோம். அப்பா முள்ளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தராசைத் தட்டிப் பார்த்தார். முப்பத்து மூன்று.

“பதினோரு எழுத்துக்கு முப்பத்திமூணு” என்றார். “எழுத்துக்கு மூணு. மொத்தம் பதினாலு எழுத்து. நாப்பத்திரண்டு.” சீட்டுப் புத்தகத்தின் பின்பக்கம் எழுதி, பெரியதில் சின்னதைக் கழித்தார். ஐம்பத்தாறில் நாற்பத்திரண்டு போக, பதினாலு. “எழுத்துக்கு ஒரு கிலோ” என்றார் மெதுவாக, “எழுத்துக்கு ஒரு கிலோ கொறஞ்சிருக்கா.”

அப்போது போன் அடித்தது. அப்பா வழக்கம்போல எழுந்தார், ஆனால் வெளியே போகவில்லை. நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஏட்டி டெல்பினு, என்னான்னே தெரியல, இப்ப மூணு மாடியும் ஏறி எறங்குனேன், முட்டு வலியே இல்ல. காலு பஞ்சு கணக்கா இருக்கு!” அம்மா மூச்சு வாங்காமல் பேசினாள். “சாப்ட்டியாம்மா?” என்றேன். “எனக்கென்ன கொற? நல்லா சாப்புடுதேன், நேத்துகூட கோழிக்கறி. சதை போட்டிருக்கேம்னா பாத்துக்கயேன்.”

அப்பா முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே என்னிடம் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன்.

“செபஸ்தி” என்றார்.

 அந்தப் பக்கம் அம்மா சிரித்தாள், பிரியமாக, ஆறுதல் சொல்கிற மாதிரி. “இன்னைக்குக் கொரலு சரியாவே வரலியேட்டி. ரெண்டு வருசமா எவ்ளோ நல்லாப் போடுவ. சளி புடிச்சிருக்கா?”

நூறு வெள்ளிக்கிழமையும் என் காதுக்குள் ஒன்றாக வந்து நின்றன. தூங்குதாளா என்று கேட்டது, தனியா கெடப்பா என்று சொன்னது, யாரைப் பற்றிக் கேட்டாளோ அவளிடமே தெரிந்தேதான் கேட்டிருக்கிறாள்.

அப்பா என்னைப் பார்த்தார். ஏதோ புரிந்தது அவருக்கு. எவ்வளவு என்று தெரியாது. போனை வாயருகே கொண்டுபோனார்.

“பெட்டியோட எம்பத்தாறு” என்றார். “பெட்டி முப்பது. போகையில நீ அம்பத்தாறு இருந்த. இன்னைக்கு நாப்பத்திரண்டு இருக்க.”

போனில் சிரிப்பு நின்றது. வேறு எந்தச் சத்தமும் வரவில்லை, கார் சத்தம்கூட, மூச்சுகூட. தராசு மேல் பென்டிரைவ் அசையாமல் இருந்தது, காற்று கதவுக்கு வெளியே இருந்தது, ஆனால் முள் மட்டும் முப்பத்து மூன்றின் மேல் சின்னச் சின்னதாக நடுங்க ஆரம்பித்தது, நடுங்கி, நின்று, மறுபடி நடுங்கியது.

“அழாத” என்றார் அப்பா, முள்ளைப் பார்த்துக்கொண்டே. “அழாதட்டி. கெளம்பி வா.”

முள் ஒருமுறை நன்றாக ஆடி நின்றது.

“ஏங்க” என்றாள் அம்மா.

இரண்டு வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூட அவள் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.